ஆள் குறைந்த சஹன்

ராஜாத்திக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போக இஷ்டமே இல்லை. போகாமல் இருக்கவும் முடியாது. கூத்தாநல்லூர் ஜன்னத் பீவி வீட்டுக் கல்யாணம். புருஷன் காத்தான் செத்த பிறகு மருதங்குடி மிராசுகள் எல்லாரும் ஒன்று சேர்ந்து அவளை ஒரு வயலிலும் இறங்க விடாமல் வயிற்றில் அடித்தபோது, "நெல் அவிக்க ஆள் வேணும், நீ வாடி" என்று கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றிய வீடு அது. மகள் ஹமீதா பானுவுக்கு நிக்காஹ் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டியவள்தான். ஜன்னத் பீவி புதுச்சேலை வேறு எடுத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் மனசு கல்யாணத்திலா இருந்தது? மனசு முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்தது.

திங்கட்கிழமை ஜில்லா கோர்ட்டில் அவள் கூண்டில் ஏற வேண்டும். ஏறி ஒரு பொய் சொல்ல வேண்டும். சொன்னால் மகன் இளையபெருமாள் வீடு திரும்புவான். சொல்லாவிட்டால் தூக்கோ ஆயுளோ, அது ஜட்ஜின் அன்றைய மூடைப் பொறுத்தது.

விஷயம் சிக்கலே இல்லை, நாறுகிற விஷயம், அவ்வளவுதான். போன தை அறுவடையில் கூலித் தகராறு. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று செங்கொடிச் சங்கம் சொன்னது. நீங்கள் தொடாவிட்டால் போங்கடா என்று மிராசுதார் துரைராசு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வயலோரத்தில் கைகலப்பு. காத்தான் மண்டை பிளந்து வரப்பில் விழுந்தான். அடித்தது துரைராசு. ராஜாத்தி கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள்.

காத்தானுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், பெரிய வாய்க்கால் மதகில் வைத்தியலிங்கத்தை யாரோ வெட்டிப் போட்டார்கள். வைத்தியலிங்கம், துரைராசுவின் மைத்துனன். அவனுடைய கூடப்பிறந்த அக்கா, துரைராசுவின் பெண்டாட்டி மங்களாம்பிகை அந்த நேரம் பார்த்து வில்வண்டியில் வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தாள். வெட்டியவன் இளையபெருமாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

அப்புறம் என்ன? துரைராசு வாரம் திரும்புவதற்குள் ஜாமீனில் வந்து, வெள்ளை வேட்டி கலையாமல் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இளையபெருமாளுக்கு ஜாமீனும் இல்லை, கீமீனும் இல்லை. ஏழைகளின் ஆட்சி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. எழுதியவனுக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

இப்போது திடீரென்று எல்லாருக்கும் சமாதானம் அவசரமாகிவிட்டது. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஆள் வேண்டும், இவர்களுக்குக் கூலி வேண்டும். தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாலை போட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்து டீக்கடைக்குப் பின்னால் நின்று மிச்சத்தையும் பேசி முடித்தார்கள். இரண்டு கொலைக்கும் கண்ணால் பார்த்த சாட்சி ஒவ்வொரு பொம்பளை. இரண்டு பொம்பளையும் "பார்க்கலை" என்று சொல்லிவிட்டால் இரண்டு கேசும் படுத்துவிடும், ஊர் அமைதியாகிவிடும். இதில் அந்த இரண்டு பொம்பளைகளை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

சங்கத்துத் தோழர் ரெத்தினம்தான் வந்து சொன்னார். "அக்கா, ஊரு நல்லா இருக்கணும்ல. உன் மகனும் வெளிய வரணும்ல."

"அந்தம்மா மாத்திச் சொல்லுமா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

ரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்ல வச்சிடுவேங்கிறாரு துரைராசு. ஆனா அந்தம்மா கோவிச்சுக்கிட்டு பொறந்த வீட்டுல போயி உக்காந்துருக்காம். புருசன்கிட்ட பேச்சுவார்த்தையே இல்லையாம். எதுக்கும் நீ தயாரா இரு."

ராஜாத்தி யோசித்தாள். தான் பொய் சொல்லி, அவள் பொய் சொல்லாவிட்டால்? புருஷனையும் விற்று, மகனையும் பறிகொடுத்து நிற்க வேண்டியதுதான்.

இந்த யோசனையோடுதான் கல்யாண வீட்டில் பெண்கள் கூடத்துச் சுவரோரம் நின்றாள். பகல் சாப்பாட்டு நேரம். நெய்ச்சோற்று வாசனை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. கூடத்தில் விரித்த துணியின்மேல் வரிசையாகப் பெரிய பெரிய சஹன்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சஹன் என்றால் தாம்பாளம் மாதிரி அகலத் தட்டு. ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு. நடுவில் இருக்கும் கறியைச் சஹனில் மூத்தவர் பிய்த்து ஆளுக்கு ஒரு பங்காக ஒதுக்கி வைப்பார். ஒருத்தர் சாப்பிட்டு முடிக்காமல் இன்னொருத்தர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி.

ராஜாத்தி மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது. கொல்லைப்பக்கம் போனால் தூக்குச் சட்டி நிறைய வாங்கிக்கொண்டு வரலாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். ஆனால் பந்தியைக் கவனிக்கும் பொறுப்பு அன்றைக்கு ஜன்னத் பீவியின் நாத்தனார் மெஹராஜ் பேகத்திடம் இருந்தது. அவள் அதிராம்பட்டினத்துக்காரி, முந்தினநாள்தான் வந்திறங்கியவள். யார் மிராசு, யார் கூலி, யாருக்கு யார் ஜென்மப் பகை, ஒரு எழவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒரு சஹனில் ஆள் குறைந்தால் அவள் கண்ணுக்குப் பொறுக்காது.

மூலையில் ஒரு சஹன் முன்னால் ஒரே ஒரு பெண் முக்காடு மாதிரி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். மெஹராஜ் பேகம் சுற்றுமுற்றும் பார்த்தாள். புதுச்சேலையோடு சும்மா நிற்கிற ராஜாத்தி கண்ணில் பட்டாள்.

"என்னம்மா நீங்க, பந்தி போட்ட பிறகு நின்னுக்கிட்டு! வாங்க, அந்தச் சஹன்ல ஆள் குறையுது!"

"ஐயோ, நான் வேணாங்க, நான் கொல்லைப்பக்கம்…"

"கொல்லையில என்ன இருக்கு, கோழிதான் இருக்கு. வாங்கங்கிறேன்!" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, கெண்டியில் தண்ணீர் ஊற்றிக் கையையும் கழுவ வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எதிரே இருந்தவள் நிமிர்ந்தாள்.

மங்களாம்பிகை.

அவளும் ஜன்னத் பீவியும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம். இந்த வீட்டுக்கு வந்தால் ஜன்னத்தோடு ஒரே சஹனில் சாப்பிடுவது அவளுக்கு அந்தக் காலத்துப் பழக்கம். நீ உட்காரு, இதோ வந்துவிடுகிறேன் என்று சொன்ன ஜன்னத் பீவி, கூடத்தின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே மூலையில் நடந்ததைப் பார்த்தாள். கையிலிருந்த பன்னீர்ச் செம்பு அப்படியே நின்றது. ஓடி வந்து ஒருத்தியை எழுப்பலாம். யாரை எழுப்புவது? எந்த வாயால் எழுப்புவது? சம்பந்திகள் முன்னால்? அல்லாவே என்று நின்றுவிட்டாள்.

ராஜாத்திக்கு உடம்பெல்லாம் நெருப்புப் பற்றியது. காத்தான் பிணத்தின் மேல் கை வைத்து, இனி துரைராசு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள். இது அந்த வீடு இல்லைதான். ஆனால் அந்த வீட்டுக்காரி கை இருக்கிற தட்டு. எழுந்து போய்விடலாமா? கஞ்சி ஊற்றிய மகராசி வீட்டுக் கல்யாணப் பந்தியில், கலகம் பண்ணிவிட்டு எழுந்து போவதா? காலை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். எதிரே மங்களாம்பிகையும் அசையவில்லை. அவள் முகம் இந்த ஆறு மாசத்தில் பாதியாக வற்றியிருந்தது.

"நீங்கதான் மூத்தவங்களாத் தெரியிறீங்க, கறியைப் பிரிச்சு வைங்க," என்றாள் மெஹராஜ் பேகம், மங்களாம்பிகையைப் பார்த்து.

மங்களாம்பிகையின் கை கறியைத் தொட்டது. பிய்த்தாள். மெஹராஜ் பக்கம் ஒரு பங்கு ஒதுக்கினாள். அடுத்த பங்கை விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாக ராஜாத்தி பக்கம் நகர்த்தி, சோற்றின் ஓரத்தில் வைத்தாள்.  ராஜாத்தி அதைப் பார்த்தாள்.

மெஹராஜ் பேகம் வாய் சும்மா இருக்காது. "உங்களுக்கு எத்தனை புள்ளைங்கம்மா?" என்று ராஜாத்தியைக் கேட்டாள்.

"ஒரு மகன்தாங்க."

"மாஷா அல்லாஹ். வேலைக்குப் போறாரா?"

"ஜெயில்ல இருக்கான்."

மெஹராஜ் பேகத்துக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வேறு பக்கம் பேச்சைத் திருப்பலாம் என்று மங்களாம்பிகையிடம் திரும்பினாள். "நீங்க? கூடப்பிறந்தவங்க எல்லாம் வந்திருக்காங்களா?"

"ஒரு தம்பி இருந்தான். வெட்டிப் போட்டுட்டாங்க," என்றாள் மங்களாம்பிகை.

"தாளிச்சாக் குழம்பு பத்தாது போல, இதோ வாங்கிட்டு வந்துர்றேன்," என்று மெஹராஜ் பேகம் எழுந்து ஓடியே போய்விட்டாள். சஹனில் பாதியில் எழக்கூடாது என்று காலையிலிருந்து ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தவள்.

இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சுற்றிலும் சிரிப்பும் பாட்டும் வளையல் சத்தமும். அந்த இரைச்சலில் இவர்கள் பேசுவது பக்கத்துச் சஹனுக்குக்கூடக் கேட்காது.

"திங்கக்கெழமை நான் கூண்டுல ஏறி, பார்க்கலைன்னு சொல்லணுமாம்," என்றாள் மங்களாம்பிகை, சோற்றைப் பார்த்துக்கொண்டே.

"என்னையும்தாங்க சொல்லச் சொல்லிருக்காங்க."

"நீ பார்த்தியா?"

ராஜாத்தி சோற்றை விரலால் ஓரம் ஒதுக்கினாள்.

"கோர்ட்டுல பொய் சொல்லத்தான் போறோம். அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை நெசத்தைச் சொல்லிடு. எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. யார் அடிச்சா?"

"உங்க வீட்டுக்காரருதாங்க."

மங்களாம்பிகை கண்ணை மூடித் திறந்தாள். "தெரியும். அவர் வாயால வரலை, அவ்வளவுதான்." பிறகு, "இப்ப நீ சொல்லு. என் தம்பி செத்த அன்னிக்கு உன் மகன் வீட்டுக்கு வரையில எப்படி வந்தான்?" என்றாள்.

இதுதான் கத்திமுனை. பொய் சொல்லத்தான் போறோம் என்றாலும், புருஷனுக்கு இவள் இன்னும் சம்மதம் சொல்லாதவள். இங்கே கேட்டதைத் திங்கட்கிழமை கூண்டில் ஏறி அப்படியே ஒப்பித்தால் இளையபெருமாள் கதை முடிந்தது.  ஆனால் கேட்டவள் முகத்தில் சூது இல்லை. பிணத்தைக் கட்டிக்கொண்டு அழக்கூட விடாமல் போலீசு இழுத்துப்போன ஒரு அக்காள் முகம்தான் இருந்தது.

"வேட்டியெல்லாம் ரத்தம். நான்தான் தொவைச்சேன்," என்றாள் ராஜாத்தி.

சொல்லிவிட்டாள். இனி அள்ள முடியாது. மங்களாம்பிகை தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சோற்றில் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"உன் புருசன் செத்த அன்னிக்கு என் தம்பி ஊர்லயே இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்கு மாடு பிடிக்கப் போயிருந்தான். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உன் மகனுக்குத் தெரியுமா?"

ராஜாத்திக்கு அங்கேயே உயிர் போய்விட்டால் தேவலை போலிருந்தது. அன்றைக்கு மாலை, அப்பன் பிணத்தின் பக்கத்தில் நின்று இளையபெருமாள் கேட்டான்: யாரும்மா? அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள்: அந்த வீட்டு ஆம்பளைங்கடா, எல்லாரும்தான்டா! துக்கத்தில் சொன்னது. எந்தப் பொம்பளையும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த வீட்டு ஆம்பளைகள் எல்லாரிலும் முதலில் அவன் அரிவாளுக்கு அகப்பட்டவன் வைத்தியலிங்கம்.

அவள் பேசாததிலிருந்தே மங்களாம்பிகைக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபப்படவில்லை. குரல் மட்டும் உடைந்தது.

"நான் பார்த்தப்ப தூரமா இருந்துச்சு. அவன் ரெண்டு கையையும் தூக்கி உன் மகன்கிட்ட என்னமோ சொன்னான். வாய் அசைஞ்சது. எனக்குக் கேக்கலை. ராத்திரியும் பகலும் அதுதான் எனக்கு. என்ன சொன்னான்? நான் பார்க்கலைன்னு சொல்லிடுறேன் ராசாத்தி. உன் மகன் வெளிய வரட்டும். வந்ததும் அவன்கிட்டக் கேட்டு, என் தம்பி கடைசியா என்ன சொன்னான்னு எனக்கு வந்து சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

இத்தனை வருஷமாக அவளை ஏண்டி, வாடி என்று கூப்பிட்ட வாய் அது. இன்றைக்கு 'டி' இல்லை.

"வந்து சொல்றேங்க," என்றாள் ராஜாத்தி.

மங்களாம்பிகை ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். ராஜாத்தியும் எடுத்தாள். அந்தக் கறித்துண்டைத் தொட்டபோது காத்தான் முகம் வந்தது. வந்தாலும் தின்றாள். விழுங்கினாள். சத்தியத்தை விழுங்கினாளோ, துக்கத்தை விழுங்கினாளோ, அவளுக்கே தெரியாது. இரண்டு பேரும் முடிக்கும் வரைக்கும் ஒருத்தியும் எழவில்லை. ஜன்னத் பீவி பன்னீர்ச் செம்போடு தூரத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொடுக்கிற அழுகை என்று மாப்பிள்ளை வீட்டார் தேற்றினார்கள்.

திங்கட்கிழமை மங்களாம்பிகை சொன்ன சொல் தவறவில்லை. "தூரமா இருந்துச்சு. யாருன்னு பார்க்கலை." சர்க்கார் வக்கீல் போலீஸ் வாக்குமூலத்தைக் காட்டிக் காட்டிக் குடைந்தார். பார்க்கலை, பார்க்கலை. அடுத்த வழக்கில் ராஜாத்தி ஏறினாள். துரைராசு எதிரே நின்று அவளைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம், பார்த்தேன் என்று. மகன் கேசில் சாட்சி முடிந்துவிட்டது, யாரும் ஒன்றும் பண்ண முடியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மங்களாம்பிகை உட்கார்ந்திருந்தாள், புருஷனைப் பார்க்காமல். ராஜாத்தி, "நான் பார்க்கலைங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

வெளியே துரைராசுவும் ரெத்தினமும் கைகொடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் சோடா வந்தது.

பிறகு தீர்ப்பு வந்து இளையபெருமாள் விடுதலையாகி ஊருக்கு வந்தான். சங்கத்தார் மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றிக் கூரையில் செருகிவிட்டு, வாசலிலேயே நின்றான்.

"அப்பாவை அடிச்சவனைப் பார்க்கலைன்னு சொன்னியாமே?"

"உக்காருடா. சோறு போடுறேன்."

"உன் கையால இனி நான் சாப்பிட மாட்டேன். அப்பாவை வித்து வாங்கின சோறு அது."

மனுஷிக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்தப் பிள்ளைக்காக அந்த வார்த்தையைச் சொன்னாளோ, அந்தப் பிள்ளை. ராஜாத்தி அழவில்லை, கத்தவில்லை. இருந்ததிலேயே பெரிய தட்டை எடுத்தாள். பானையிலிருந்த சோற்றையெல்லாம் அதில் கொட்டினாள். மீன் குழம்பை ஊற்றினாள். தட்டை நடுவீட்டில் வைத்து ஒரு பக்கம் உட்கார்ந்து கை வைத்தாள்.

"இது என் கை போட்ட சோறு இல்லடா. அந்தப் பக்கம் உன்னுது. நீ வந்து உக்கார்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அவன் நின்றான். வெயில் வாசலை விட்டு இறங்கியது. அவள் கை தட்டிலேயே இருந்தது. கடைசியில் அவன் வந்து, தொப்பென்று எதிரே உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை.

"கோர்ட்டுல எல்லாரும் பொய் சொல்லியாச்சு," என்றாள். "நான் பார்த்தேன். துரைராசுதான் அடிச்சாரு. இப்ப நீ சொல்லு. வைத்தியலிங்கம் கடைசியா உங்கிட்ட என்னடா சொன்னாரு?"

 இளையபெருமாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயிலில் யாரிடமும் சொல்லாதது. வக்கீலிடம்கூடச் சொல்லாதது.

"ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு… 'எளையா, நான் அன்னிக்கு ஊர்லயே இல்லடா'ன்னாரு."

ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொல்றாருன்னு நெனைச்சேன்," என்றான். பிறகு தலையை நிமிர்த்தினான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். "அம்மா, அவர் அங்க இருந்தாருல்ல?"

பொய் சொல்லலாம். கோர்ட்டிலேயே சொன்னவள், இங்கே சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இருந்தார்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவான்.

"இல்லடா," என்றாள். "அவர் அங்க இல்லை. எல்லாரும்தான்னு நான்தான் உங்கிட்ட சொன்னேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். 

"நாளைக்கு நான் அந்தம்மாகிட்டப் போயி இதைச் சொல்லணும்."

"சொல்லாதம்மா."

"கேட்டிருக்காங்க. வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

சோறு ஆறி, குழம்பு ஏடு கட்டிக்கொண்டிருந்தது. இளையபெருமாள் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தான், எடுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.